வாசகர் கேள்வி பதில்: பார்சல் டப்பா, பால் கவர், தண்ணீர் பாட்டில்

சென்ற இதழில் எண்ணெய் கேனின் மூடியில் ஓட்டை போட்டுக் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் சொட்ட விடுவது பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் கத்தரியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று நாலு மாவட்டத்திலிருந்தும், சாப்பாட்டுச் சாமானோடு வீட்டுக்கு வந்து சேரும் டப்பா, கவர், பாட்டில் இதையெல்லாம் என்ன செய்வது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இது ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற விஷயம், அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே. பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போடுகிறேன்.

மன்னார்குடியிலிருந்து: அக்கா, ஓட்டலில் சாம்பார், குருமா, சாதம் எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. கெட்டியான டப்பா, தூக்கிப் போட மனசு வரவில்லை. கழுவி வைத்து மிச்சக் குழம்பை அதில்தான் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன், பையனுக்கு எலுமிச்சம்பழ சாதமும் அதிலேயே கட்டித் தருகிறேன். நாத்தனார் வந்தபோது அது விஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையா?

நாத்தனார் சொன்னதில் பாதி சரி. முதலில் டப்பாவைக் கவிழ்த்து அடியில் பாருங்கள், முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை ஏதாவது ஒரு எண் இருக்கும். 1988-ல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில் செய்பவர்கள் கொண்டுவந்த குறி அது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று பிரித்தெடுப்பவர்களுக்குத் தெரிவதற்காகப் போட்டது. அந்த அம்புக்குறியைப் பார்த்துவிட்டு 'திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்' என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி எதையும் அது சொல்லவில்லை.

ஓட்டல் டப்பா பெரும்பாலும் 5, அதாவது பாலிபுரொப்பிலீன். 160 டிகிரி பக்கத்தில்தான் உருகும், அதனால்தான் கொதிக்கிற சாம்பாரை ஊற்றினாலும் நெளியாமல் நிற்கிறது. 1 என்று இருந்தால் பெட், தண்ணீர் பாட்டில் செய்கிற வகை, 70 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். பேரீச்சம்பழம், கேக், ஸ்வீட் எல்லாம் வருகிற கண்ணாடி மாதிரியான டப்பா அநேகமாக இதுதான். 6 என்றால் பாலிஸ்டைரீன், தெர்மாகோல் தட்டும் இதே வகை, இதில் சூடான சாப்பாடும் எண்ணெயும் படவே கூடாது. எண்ணே இல்லையா, சாப்பாட்டுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, 5 என்று போட்டிருக்கிறது, உருகவும் இல்லை, அப்புறம் என்ன பயம் என்று கேட்பீர்கள். உருகுவது வேறு, கசிவது வேறு. வளைந்து கொடுக்கவும், நிறத்துக்கும், சீக்கிரம் கெடாமல் இருக்கவும் என்று பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போது சில பொருட்களைச் சேர்க்கிறார்கள். சூடு, எண்ணெய், புளிப்பு, அப்புறம் நேரம், இந்த நாலும் கூடக் கூட அவை சாப்பாட்டில் இறங்குவதும் கூடும். உங்கள் எலுமிச்சம்பழ சாதத்தில் நாலுமே இருக்கிறது, காலையில் சூடாகக் கட்டினால் பையன் மதியம்தான் திறக்கப் போகிறான்.

அந்த டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் மஞ்சள் ஏறியிருக்கும், கரண்டியும் தேய்க்கிற கம்பி நாரும் உரசிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரியும். மஞ்சள் உள்ளே போவதற்கு வழி இருக்கிறது என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவதற்கும் வழி இருக்கிறது. கீறலுக்குள் எண்ணெய்ப் பசை தங்கும், அதில் கிருமி தங்கும், எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு அங்கே எட்டாது.

அதனால் பையனுக்கு எவர்சில்வர் டப்பாவை எடுத்துவிடுங்கள், குழம்புக்கும் எவர்சில்வர் கிண்ணம்தான். பார்சல் டப்பாவுக்கு ஃப்ரிட்ஜில் வேறு வேலை கொடுங்கள்: உரித்த பட்டாணி, நறுக்கிய பீன்ஸ், ஈரம் துடைத்த கறிவேப்பிலை, கொத்தமல்லி. சூடு இல்லை, எண்ணெய் இல்லை, புளிப்பும் இல்லை. கீறல் விழ ஆரம்பித்ததும் அங்கிருந்தும் எடுத்துவிட்டு ஊசி நூல், பொட்டு, ஸ்க்ரூ ஆணி என்று மாற்றுங்கள். மூடி உடைந்ததும் கொல்லைக்குப் போகட்டும், எரு அள்ளுவதற்கோ கோழிக்குத் தண்ணீர் வைப்பதற்கோ ஆகும். கடைசியில் காயலான் கடை. இப்படிப் படிப்படியாகக் கீழே இறக்கிக்கொண்டே போகலாம், மறுபடி மேலே ஏற்றக் கூடாது. உரம் அள்ளிய டப்பா எவ்வளவு பளிச்சென்று கழுவியிருந்தாலும் அடுப்படிக்குள் திரும்பி வரக் கூடாது. இந்தப் பக்கத்தில் வருகிற எல்லாக் கேள்விக்கும் நான் இதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து: டீக்கடையில் டீயை பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருகிறார்கள், சாம்பார் சட்னியும் அப்படித்தான். அந்தக் கவரைக் கழுவி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமா?

கழுவுவது இருக்கட்டும், அதில் வாங்குவதையே நிறுத்துங்கள். கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றினால் அந்த மெல்லிய கவர் கையில் தொளதொளவென்று ஆகிறதே, அதைப் பார்த்த பிறகும் குடிக்க மனசு வரக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து இந்தக் கவர், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சு குழல், தண்ணீர் பாக்கெட் எல்லாவற்றுக்கும் தடை இருக்கிறது. கடையில் இன்னும் கிடைக்கிறது என்பதற்காக அது நல்லது ஆகிவிடாது. தூக்கு எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு கரண்டி சாம்பார் கூடவே கிடைக்கும்.

குத்தாலத்திலிருந்து: தம்பி கல்யாணத்தில் பந்திக்கு வாங்கிய சின்னத் தண்ணீர் பாட்டில்கள் ஒரு சாக்கு நிறைய வீட்டில் கிடக்கின்றன, எல்லாம் காலி. பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். எத்தனை நாள் பயன்படுத்தலாம்?

பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். ஒரு நாள் இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீர் பிடித்துக் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது, பயப்படத் தேவையில்லை. ஆனால் கழுத்து குறுகலான பாட்டில், பிரஷ் உள்ளே போகாது, வெந்நீர் ஊற்றினால் சுருங்கிவிடும், அதனால் சுத்தம் செய்யவே முடியாது. பிள்ளைகள் வாய் வைத்துக் குடிக்கிறார்கள், இரண்டு நாளில் மூடிக்கு உள்பக்கம் வழவழவென்று விரலில் ஒட்டும். தொட்டுப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு பெட் தயாரிப்பில் ஆன்டிமணி என்ற உலோகத்தின் கூட்டுப்பொருளைச் சேர்ப்பார்கள், பாட்டில் சூடாகச் சூடாக அது தண்ணீரில் இறங்குவது கூடும். சித்திரை வெயிலில் ஜன்னலோரமோ வண்டிப் பெட்டியிலோ கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

சாக்கில் இருப்பதை அப்படியே காயலான் கடையில் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கிலேயே பெட் பாட்டிலுக்குத்தான் சுலபமாக ஆள் கிடைப்பார்கள், அதை உருக்கி பாலியஸ்டர் நூல் எடுக்கிறார்கள். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக், அதனால் கழற்றித் தனியாக ஒரு பையில் போட்டு, பாட்டிலை மிதித்து நசுக்கி மூட்டை கட்டினால் பாதி இடம்தான் ஆகும். வேண்டுமானால் பத்து இருபதை மட்டும் கொல்லைக்கு எடுத்து வையுங்கள். அடியை வெட்டிவிட்டுக் கவிழ்த்தால் சின்ன நாற்றுக்கு மூடி போட்ட மாதிரி வைக்கலாம், கோழி கிளறாது. அடுத்த கல்யாணத்துக்குப் பந்தியில் ஜக்கும் டம்ளரும் வைக்கச் சொல்லுங்கள், பரிமாறுகிறவர்களுக்குக் கொஞ்சம் வேலை கூடும், அது பரவாயில்லை.

பாபநாசத்திலிருந்து: தினமும் இரண்டு பாக்கெட் பால். கவர் சேர்ந்து மலையாகிறது. மாமியார் வெந்நீர் அடுப்பைப் பற்ற வைக்க அதைத்தான் எடுக்கிறார். வேறு என்ன செய்யலாம்?

பால் கவர் அருமையான பொருள். எண் 4, குறையடர்த்திப் பாலிஎத்திலீன். மிருதுவாக இருக்கும், சீக்கிரம் கிழியாது, தண்ணீர் விடாது. நம் வீட்டுக்கு வரும் கவர்களிலேயே காயலான் கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடை போட்டு வாங்குவது இதைத்தான். அதற்கு அது சுத்தமாக இருக்க வேண்டும், அந்தச் சுத்தம் நீங்கள் பாக்கெட்டை வெட்டுகிற விதத்திலேயே ஆரம்பிக்கிறது.

மூலையை வெட்டும்போது துண்டைத் தனியாகப் பிரித்துவிடாதீர்கள். கத்தரிக்கோலை முக்கால்வாசியோடு நிறுத்தி, அந்த மூலை ஒட்டிக்கொண்டே இருக்கும்படி பின்பக்கம் மடக்கிவிட்டுப் பாலை ஊற்றுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டை யாரும் பொறுக்குவதில்லை. தொட்டியோடு போய்ச் சாக்கடை, சாக்கடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். ஒரு வீட்டில் நாளுக்கு இரண்டு துண்டு என்றால் ஊர் முழுக்க எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். பால் ஊற்றியதும் கவருக்குள் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூலையைப் பிடித்துக் குலுக்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள். அப்புறம் மேல் ஒட்டலை ஒட்டினாற்போல வெட்டி, வாயைத் திறந்து, ஒரு சொட்டு சோப்பு விட்டு அலசிக் கொடியில் தலைகீழாகக் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். அன்றன்றைக்குச் செய்தால் இரண்டு நிமிஷ வேலை. ஒரு ராத்திரி விட்டால் போதும், கொழுப்பு புளித்து நாறும், எறும்பும் கரப்பானும் வந்துவிடும், அப்புறம் யாருக்கும் தொட மனசு வராது.

காய்ந்த கவருக்கு முதல் வேலை நாற்று. அரை லிட்டர் கவரின் மேல்பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கிறது, அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பேப்பர் பஞ்ச் வைத்து நாலு பக்கமும் ஓட்டை போடுங்கள். நம் பக்கத்துக் களிமண்ணை மட்டும் நிரப்பினால் இறுகிப்போய் வேர் ஓடாது, மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். புடலை, பாகல், சுரை, பப்பாளி, முருங்கை, அகத்தி எல்லாம் இதில் அழகாக வரும். ஆடியில் நேரடியாக ஊன்றி மழையில் விதை அழுகிப் போனவர்களுக்கு இது நல்ல வழி. நாற்றை எடுத்து நடும்போது கவரைப் பக்கவாட்டில் கீறி, மண்கட்டியை உடையாமல் வெளியே எடுத்து நடுங்கள். கவரோடு புதைக்காதீர்கள், வேரும் சுற்றிக்கொள்ளும், கவரும் மண்ணிலேயே கிடக்கும். கீறிய கவரை அலசிக் காயலான் கடை மூட்டையில் போட்டுவிடலாம்.

கை வேலையில் விருப்பம் இருந்தால் கவரை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஒரே நீளமான நாடாவாக வெட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்துச் சடை பின்னி, அந்தச் சடையை வட்டமாகச் சுருட்டிக்கொண்டே சாக்கு ஊசியால் தைத்தால் வாசலில் போடும் மிதியடியாகும். நீலமும் பச்சையும் கலந்து பார்க்க நன்றாகவே இருக்கும், ஈரம் உடனே காய்ந்துவிடும்.

மாமியாரிடம் அடுப்பு விஷயத்தை மெதுவாக, ஆனால் கட்டாயம் பேசுங்கள். பால் கவரோடு போகாது அந்தப் பழக்கம், கைக்கு எட்டுகிற எல்லாக் கவரும் அடுப்புக்குள் போகும். அதில் பிவிசி என்ற வகைப் பிளாஸ்டிக் கலந்துவிட்டால் எரியும்போது டையாக்சின் என்ற கடுமையான நச்சு வரும், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுகிறவர் அவர்தான். தென்னம்பாளையும் காய்ந்த மட்டையும் நம் ஊரில் இல்லாத கொல்லை உண்டா?

நீடாமங்கலத்திலிருந்து: வயலுக்கு அடிக்கிற மருந்தை மொத்தமாக வாங்கி, பக்கத்துக்காரர்களோடு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிரித்துக்கொள்கிறோம். மூடி இறுக்கமாக இருப்பதால் ஒழுகுவதில்லை. இதுவும் மறுபயன்பாடுதானே?

ஐயா, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதை இன்றைக்கே நிறுத்துங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் என்றால் கூல்டிரிங்க்ஸ்தான். தாகத்தோடு வயலிலிருந்து வருகிற பெரியவருக்கும் அப்படித்தான், பாட்டிலைப் பார்த்ததும் கை தானாக மூடியைத் திருகிவிடும். ஒரு வாய் போதும்.

மருந்து பாட்டிலின் லேபிளில் ஒரு சாய்சதுரக் கட்டத்தில் நிறம் போட்டிருப்பார்கள் பாருங்கள்: சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறைந்துகொண்டே வரும். என்ன மருந்து என்ற பெயரும், சாப்பிட்டுவிட்டால் என்ன முறிவு என்பதும் அதே லேபிளில்தான் இருக்கிறது. வேறு பாட்டிலில் ஊற்றிய நிமிஷமே இவ்வளவும் போய்விடுகிறது, ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. பங்கு போட வேண்டுமென்றால் சின்ன அளவு பாட்டிலாகவே வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொஞ்சம் கூடினாலும் சரி.

தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய் வைப்பதும், தெருவில் சைக்கிளில் வருபவரிடம் தண்ணீர் பாட்டிலில் பினாயில், ஆசிட் வாங்குவதும் இதே ஆபத்துதான். தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மண்ணெண்ணெயும் ஆசிடும் திரும்பி வரும்போது நுரையீரலையும் தொண்டையையும் இன்னொரு தடவை கெடுக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அப்புறம் காலியான மருந்து டப்பாவில் தண்ணீரோ மாட்டுக்குக் கழுநீரோ வைப்பதும் கூடாது. மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி அடித்துவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டு யாரும் எடுக்க முடியாதபடி செய்துவிடுங்கள். வாய்க்காலில் அலசாதீர்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல் 2 கிலோ வாங்கி வந்து போட்டேன், விளைந்தது. விதை நெல்லையும் கத்தரி, மிளகாய் விதைகளையும் எண்ணெய் கேன், காபித்தூள் பாக்கெட் இவற்றில் போட்டு வைக்கலாமா?

சந்தோஷமான கடிதம். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் ஐயா 2018-ல் போய்விட்டாலும், 2 கிலோ வாங்கி 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்கிற அவருடைய ஏற்பாட்டை உங்களைப் போன்றவர்கள் விடாமல் செய்வது பெரிய விஷயம்.

காய்கறி விதைக்குக் காபித்தூள் பாக்கெட் ரொம்பப் பொருத்தம். உள்ளே வெள்ளியாக மின்னும் அந்தப் படலம் வெளிச்சத்தையும் ஈரத்தையும் விடாது. ஆனால் விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காற்றுப்புகாத பையில் வைப்பதென்றால் கத்தரி, மிளகாய், தக்காளி விதையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதைச் சான்று அளவு. வீட்டில் அளக்கக் கருவி இல்லை, அதனால் காலை வெயிலில் காய வைத்து, நிழலில் ஆற வைத்து, மறுபடி காய வைத்து, விதையை நகத்தால் அழுத்தினால் பதியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போடுங்கள். ஈரத்தோடு மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூசணம் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கும்போது சொல்லவே வேண்டாம். மாத்திரை டப்பாவோடும் புதுச் செருப்போடும் வருகிற சின்ன சிலிக்கா ஜெல் பையைத் தூக்கிப் போடாமல் உள்ளே வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல். பாக்கெட்டின் மேல் விதையின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.

விதை நெல்லுக்குக் கேன் வேண்டாம். சாதாரணமாகக் காற்றோட்டமாக வைக்கும் நெல்லுக்கு 13 சதவீதம் ஈரம்வரை சரி, அடைத்து வைப்பதென்றால் 8 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும், களத்தில் காய வைத்து அந்த அளவுக்கு இறக்குவது கஷ்டம். வைக்கோல் கோட்டையோ சணல் சாக்கோதான் அதற்குச் சரி. எண்ணெய் கேனைப் பாதியாகச் சாய்வாக வெட்டி, கைப்பிடியோடு இருக்கிற பாதியை நெல் அள்ள வைத்துக்கொள்ளுங்கள், தவிடு பிண்ணாக்கு அள்ளவும் ஆகும்.

சீர்காழியிலிருந்து: வெட்டிய பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா எல்லாவற்றிலும் செடி வைத்திருக்கிறேன். கொசு ஒழிப்புக்கு வந்தவர்கள் கொசுப்புழு இருப்பதாகச் சொல்லி எல்லாவற்றையும் கவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். செடியையே விட வேண்டியதுதானா?

செடியை விட வேண்டாம், அவர்கள் சொன்னதும் சரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக்குப் போவதில்லை, டப்பாவில் நிற்கிற நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். தண்ணீருக்குச் சற்று மேலே, டப்பாவின் உள்சுவரில் ஒட்டினாற்போல முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும், அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும், பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு தடவை உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட வேண்டும்.

மண் நிரப்பிய டப்பாவில் பிரச்சினை இல்லை, அடியில் நிற்கும் தண்ணீரிலும், கீழே வைத்த தட்டிலும்தான். ஒவ்வொன்றிலும் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, தட்டை எடுத்துவிட்டுச் செங்கல் மேல் வையுங்கள். மண் இல்லாமல் சும்மா கிடக்கிற டப்பாவை மட்டும் புரட்டாசி முடிவதற்குள் ஒன்றுவிடாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். அப்புறம் ஐஸ்கிரீம் டப்பா வெயிலில் சில மாதத்திலேயே முறுகிப்போய்த் தொட்டால் நொறுங்கும். நொறுங்குகிற வரைக்கும் வைத்திருந்தால் அத்தனை தூளும் மண்ணோடு கலந்துவிடும், வெளிற ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளை எந்தக் காயலான் கடையிலும் வாங்கவில்லை. ஏன்?

அது ஒரே பிளாஸ்டிக் இல்லை. இரண்டு மூன்று படலங்களை ஒட்டி, நடுவில் மெல்லிய அலுமினியப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள், பிரிக்க முடியாது, அதனால் விலை கிடையாது. ரேஷன் பாமாயில் பாக்கெட்டும் எண்ணெய்ப் பிசுக்கு போகாது என்பதால் பல கடையில் ஒதுக்கிவிடுவார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் தூளை உருக்கிப் பூசித் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார், இந்த மாதிரிக் கவருக்கு அது ஒரு வழி. சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். எதற்குப் போவதாக இருந்தாலும் அது குப்பையில் நனையாமல் உலர்ந்ததாகத் தனியே இருக்க வேண்டும். வீட்டில் ஒரு சாக்கு மாட்டி வைத்துச் சேர்த்து, ஊராட்சித் தூய்மைக் காவலரிடமோ நகராட்சிப் பணியாளரிடமோ தனியாகக் கொடுங்கள். பை தைக்கிறேன், பூ செய்கிறேன் என்று இதில் மெனக்கெட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஒரு மாதத்தில் வெள்ளிப்பூச்சு உதிர்ந்து வீடெல்லாம் மினுமினுக்கும். வாங்குவதைக் குறைப்பதுதான் இதற்கு மருந்து.

திருவையாற்றிலிருந்து: ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போவோம். சேர்த்து வைத்த பார்சல் டப்பாவில் ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக் கொண்டுபோனால் வசதி, அங்கேயே போட்டுவிட்டும் வரலாம். சரிதானே?

அங்கேயே போட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை வந்து, வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் பிரிந்து கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் எத்தனை மதகு தாண்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் படித்துறையில் விட்ட டப்பா ஏதாவது ஒரு மதகில் ஆகாயத்தாமரையோடு போய்ச் சிக்கிக்கொள்ளும், அதற்குக் கீழே இருக்கிற வாய்க்காலில் தண்ணீர் ஏறாமல் ஒருத்தர் மண்வெட்டியோடு இறங்கி அள்ளிக்கொண்டிருப்பார். தூர்வாரும்போது வண்டலோடு சேர்ந்து வருவதில் பாதி நம் அடுப்படிச் சாமான்தான். காவிரித்தாயைக் கும்பிடப் போகிற அன்றைக்காவது அவள் மடியில் குப்பையைப் போடாமல் இருப்போம். தேங்காய் சாதம், புளிசாதம், தயிர்சாதம் எல்லாவற்றையும் தூக்கிலும் சம்படத்திலும் எடுத்துப் போங்கள். சாப்பிட வாழையிலை, இல்லாவிட்டால் தொன்னையும் பாக்குமட்டைத் தட்டும். இலையையும் ஆற்றில் விடாமல் கரையில் மாட்டுக்குப் போடுங்கள். காதோலை கருகமணியைப் பிளாஸ்டிக் கவரோடு சேர்த்து விடுகிறவர்களைப் பார்த்தால் நீங்களே கவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: கருவாடு வைத்த டப்பாவில் வாடையும் குழம்புப் பொடி டப்பாவில் மஞ்சள் கறையும் போகவே மாட்டேன் என்கிறது. வழி சொல்லுங்கள்.

மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. கழுவி ஈரத்தோடு மொட்டை மாடியில் உள்பக்கம் வெயில் படும்படி இரண்டு மூன்று நாள் வையுங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக வெளுத்துவிடும், தேய்க்கவே வேண்டாம். பிசுக்குக்குக் கடலைமாவைத் தூவிப் பஞ்சு நாரால் துடைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கம்பி நாரும் சாம்பலும் கீறல் போடும்.

கருவாட்டு வாடைக்குச் சமையல் சோடா இரண்டு ஸ்பூன் கரைத்து ஒரு ராத்திரி ஊற வைத்து, மறுநாள் கழுவி வெயிலில் திறந்து வையுங்கள், குறையும். முழுக்கப் போகாது, அந்த எண்ணெய் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிட்டது. அதனால் அந்த டப்பாவைக் கருவாட்டுக்கென்றே வைத்துக்கொண்டு, மூடியில் பெயர் எழுதி, பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் தனியாக வையுங்கள். அடுத்த தடவை கருவாடு வாங்கும்போது கண்ணாடி பாட்டிலில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்று வீட்டில் இல்லாமலா இருக்கும்.